இமாம் கஸ்ஸாலியின் இல்லற நூல்: ஒரு மதிப்பீடு

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) யாத்த ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 பிரிவுகளைக் கொண்ட பெருநூலாகும். அதன் 12-ஆம் பிரிவு ‘ஆதாபுன் நிகாஹ்’, அதாவது திருமண ஒழுக்கங்கள். நம் நிகாஹ் மஜ்லிஸ்களில் இமாமவர்களின் பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. ஆனால் பயான்களில் எடுத்தாளப்படுவது பெரும்பாலும் மனைவியின் கீழ்ப்படிதலைக் கூறும் இறுதிப் பகுதியே. நூலை முதலிலிருந்து ஓதுவோர் காணும் காட்சி வேறு.

நூல் மூன்று பாபுகளாக அமைந்துள்ளது. திருமணத்தின் நன்மை தீமைகளை முதலாவதும், ஒப்பந்த நிபந்தனைகளையும் மணமகளின் பண்புகளையும் இரண்டாவதும், கூடி வாழும் முறையை மூன்றாவதும் ஆராய்கின்றன. மூன்றாம் பாபில் கணவன் பேண வேண்டிய 12 செய்திகள் முதலில் விரிவாக வைக்கப்பட்டு, அதன் பின்னரே மனைவியின் கடமைகள் பேசப்படுகின்றன. இவ்வரிசை முறையே ஒரு தீர்ப்பைப் போன்றது. இல்லறத்தின் முதற்பாரம் ஆடவன் தோள் மீதே ஏற்றப்பட்டுள்ளது.

அந்தப் பாரம் எத்தகையது? மனைவிக்குத் தீங்கு செய்யாதிருப்பது மட்டும் நற்குணமாகாது; அவளால் நேரும் மனவருத்தத்தைப் பொறுத்துக் கொள்வதே நற்குணம் என்று இமாமவர்கள் வரையறுக்கின்றார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்கு அவர்களுடைய துணைவியர் மறுமொழி கூறியதுண்டு என்பதையும், இரவு வரை பேசாதிருந்ததுண்டு என்பதையும் அதற்குச் சான்றாகக் காட்டுகின்றார்கள். மனைவி ஒரு சொல் எதிர்த்துரைத்தால் குடும்ப மானமே போயிற்று என்று குமுறும் கணவன்மார் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

மேடைகள் நாணி ஒதுக்கும் அந்தரங்க வாழ்வையும் இந்நூல் ஒதுக்கவில்லை. இறைநாமத்தோடும் இன்சொல்லோடும் அது தொடங்க வேண்டும். தன் தேவை நிறைவேறியதும் கணவன் அகன்றுவிடாமல், அவளுடைய தேவையும் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டும் என்று நூல் கூறுகிறது. நான்கு இரவுகளுக்கு ஒருமுறை என்பதை நீதியான அளவாக உரைத்து, அவளுடைய தேவைக்கேற்ப அதனைக் கூட்டவும் குறைக்கவும் பணிக்கிறது. அவளுடைய கற்பைக் காப்பது அவன் மீதுள்ள கடமை என்பதே இதற்குக் காரணம். பெண்ணுக்கும் விருப்பம் உண்டு, அது மதிக்கத்தக்கது என்பதை ஒரு மார்க்க அறிஞர் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார்.

‘அஸ்ல்’ எனும் கருத்தடை முறையைப் பற்றிய ஆய்வும் இத்தகையதே. பேறுகால ஆபத்திலிருந்து மனைவியின் உயிரைக் காப்பதற்காகவும், பிள்ளைகள் பெருகிப் பொருளீட்டும் துன்பம் மிகுவதை அஞ்சியும் அதனை மேற்கொள்வதை இமாமவர்கள் தடுக்கவில்லை. பெண் குழந்தை பிறந்துவிடுமே என்ற அச்சத்தால் மேற்கொள்வதையோ தீய நோக்கம் எனக் கண்டிக்கின்றார்கள்.

அந்த அச்சம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? கைக்கூலியிலிருந்துதானே! இதற்கும் இந்நூலில் விடை உண்டு. மணமகளின் செல்வத்தை நாடி மணப்பது ஆகாது என்று கூறி, பெண்ணிடம் என்ன இருக்கிறது என விசாரிக்கும் மாப்பிள்ளையைத் திருடனாகவே கருதும்படி சுஃப்யானுத் தவ்ரீ (ரஹ்) அவர்கள் எச்சரித்ததை இமாமவர்கள் எடுத்துரைக்கின்றார்கள். மஹர் தொகையைச் சிறிதாகத் தப்தரில் எழுதிவிட்டு, நகையையும் ரொக்கத்தையும் பெரிதாக எண்ணி வாங்கும் சபைகளில் இப்பகுதி ஓதப்படுவதில்லை.

இத்துணைச் சிறப்பிருந்தும் நூலில் ஒரு முரண் உண்டு. திருமணம் ஒருவகை அடிமைத்தனம் என்னும் கருத்து இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டாம் பாபில் அது வலீக்குக் கூறும் எச்சரிக்கை: உன் மகளை எவனிடம் ஒப்படைக்கிறாய் என்று பார்த்துக் கொடு என்பதே அதன் பொருள். மூன்றாம் பாபின் இறுதியிலோ, அதே கருத்து மனைவியின் முழுக் கீழ்ப்படிதலுக்கு ஆதாரமாக்கப்படுகிறது. ஓரிடத்தில் பெண்ணைக் காக்கும் கேடயம், மற்றோரிடத்தில் அவள் கால் விலங்காகிறது. முந்தைய பயன்பாடே அக்கூற்றின் இயல்பான பொருள். மேலும், அது நபிமொழி என்பதைக் காட்டிலும் நபித்தோழியரின் கூற்று என்பதே ஏற்புடையது என ஹதீஸ் கலை வல்லுநர் பைஹகீ (ரஹ்) கருதினார்கள்.

திருக்குர்ஆன் 2:228-ஆம் வசனம் மனைவியரின் கடமைகளுக்கு நிகரான உரிமைகளைக் கூறிய பின்னரே, ஆடவர்க்கு ஒரு படி உயர்வைக் குறிப்பிடுகிறது. அந்தப் படி, ஆடவன் தன் உரிமையை விட்டுக்கொடுத்து அவளுடைய உரிமையை நிறைவாக வழங்குவதே என்ற இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தை இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் ஏற்கின்றார்கள். கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 12 செய்திகளோடு ஒத்திசைவது இவ்விளக்கமே. அவர்களின் நூலை அவர்களின் உயர்ந்த பகுதியைக் கொண்டே அளந்து படிப்பது அவமதிப்பாகாது. அதுவே ஆசானுக்குச் செய்யும் அதபு.

ஆகவே ஆலிம் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நிகாஹ் மஜ்லிஸில் மணமகளுக்கு நஸீஹத் செய்யுமுன், அருகில் அமர்ந்திருக்கும் மணமகனுக்கு அந்த 12 செய்திகளையும் ஓதிக் காட்டுங்கள். நூலின் வரிசையும் அதுதான். நீதியின் வரிசையும் அதுதான்.