சயாமுக்குப் போன அப்பாக்கள், பேசாத பிள்ளைகள்

மலேசியாவில் லங்காட் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது கேரி தீவு. இன்று செம்பனை, முன்பு ரப்பரும் உண்டு. அந்த வட்டாரத்துத் தோட்டங்களில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று ஆரம்பித்தால் மரவள்ளிக்கிழங்கு தின்ற கதை சரளமாக வரும். அப்பா என்ன ஆனார் என்று கேட்டால், ‘சயாமுக்குப் போனார்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது 1942–43இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். காலராவும் பட்டினியும் பல்லாயிரம் பேரைக் கொன்றன. ஊருக்கு உடல் வரவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க வழியில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பது அம்மாவுக்கே தெரியவில்லை. ‘செத்துட்டார்’ என்று வீட்டில் ஒருவரும் சொல்லாதபோது பிள்ளை எதைச் சொல்லி அழும்?

அதே ஆண்டுகளில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர்கள் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் போர்க்காலக் குழந்தைக் காப்பகங்களை நடத்தினார்கள். தாயைப் பிரிந்து வந்த மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அம்மா வருவாள், கோட்டு மாட்டிவிடுவாள், கூட்டிப்போவாள் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னதையே சொல்லாதே என்றார் ஒருவர். பிறகு கைகளால் தொப்பி போட்டான், கோட்டு மாட்டினான். கடைசியில் மூலையில் நின்றான்; உதடும் விரலும் மட்டும் அசைந்தன. வாயடைத்த பிள்ளை மறந்துவிட்டது என்று நினைக்கும் பெரியவர்கள் இதைப் படிக்க வேண்டும். அங்கே தாய் உயிரோடு இருந்தாள் என்பதையும் சேர்த்துத்தான்.

பேசாத பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி அல்ல. வீட்டில் கலகலவென்று பேசிப் பள்ளியில் மட்டும் வாய் திறக்காத பிள்ளைக்குப் பெரும்பாலும் பதற்றம்தான் காரணம். அதிர்ச்சிக்குப் பிறகு எல்லோரிடமும் பேச்சை நிறுத்தும் பிள்ளை வேறு. இரண்டையும் ‘பயந்த கோளாறு’ என்று சொல்லி மந்திரித்துத் திருநீறு பூசுவது நம் வழக்கம். திருநீறு பூசட்டும், அதில் கெடுதல் இல்லை. ‘பேசு, பேசு’ என்று உலுக்குவதுதான் கெடுதல்.

இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இதை நன்றாகப் புரிந்துகொண்டது. உள்நாட்டுப் போரில் அடிபட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே மண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். யாரிடமும் வாக்குமூலம் வாங்குவது நோக்கமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் மனவடு தனிமனிதரோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் பிடிக்கிறது என்று எழுதினார்.

மலேசியாவில் சயாம் ரயில்பாதையின் வடுவை நாவல்கள் எழுதின: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’. தோட்டத்து லய வீட்டில் காத்திருந்த பிள்ளையின் பக்கத்திலிருந்து அந்தக் கதை இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை.

விபத்திலோ தற்கொலையிலோ பெற்றவரை இழந்த பிள்ளை இன்று உங்கள் வீட்டில் இருந்தால், ‘வெளியூர் போயிருக்கார்’ என்று சொல்லாதீர்கள். இறந்துவிட்டார் என்று அதற்குப் புரியும்படி சொல்லுங்கள். பேச்சு அடியோடு நின்றுபோனால் தள்ளிப்போடாமல், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.