இரண்டு மனஸ்தாபங்கள்

மாதத்தின் முதல் வெள்ளியான தலைவெள்ளி மாலை. சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் பாய் விரித்தாயிற்று. திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எப்போதும் எரியும் சின்னச் சிவப்பு பல்பைத் தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். அக்காவும் அவள் மாமியாரும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மாமியாருக்கான காபியை அக்கா தன் மகள் கையில் கொடுத்தனுப்பினாள்; அதில் தெரிந்துகொண்டேன்.

மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுபதைத் தாண்டியவர். முட்டி மடங்காது, நாற்காலியில் உட்கார்ந்துதான் செபம். ஆனாலும் நடத்துவது அவர்தான். சிலுவை அடையாளம் போட்டதும் அவர் எடுத்தது உத்தம மனஸ்தாப மந்திரம். பேத்தி அதையே மறைக்கல்வி வகுப்பில் ‘மனத்துயர் செபம்’ என்று கற்றவள். பாட்டி பழைய வாசகத்தில் போனார், பேத்தி புதிய வாசகத்தில் போனாள். பாட்டிக்குச் சர்வேசுரன், பேத்திக்கு இறைவன். வழியெல்லாம் வேறு வேறாகப் போய், இருவரும் ஆமெனில் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள்.

மனஸ்தாபம். அந்தச் சொல்லில் நான் அன்று நின்றுவிட்டேன். ஊர்ப்பேச்சில் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்குள் வந்த கசப்பு. ‘அண்ணன் தம்பிக்குள்ளே ஏதோ மனஸ்தாபமாம்’ என்போம். கத்தோலிக்கரின் பழைய செபத் தமிழிலோ அதற்குப் பொருள், செய்த பாவத்துக்காக உள்ளம் நொந்து வருந்துவது. மனம், தாபம்: உள்ளே ஒரு வேக்காடு. அந்த வேக்காடு அடுத்தவரை நோக்கித் திரும்பினால் அது வீட்டுச் சண்டை. தன்னை நோக்கித் திரும்பினால் அதுவே செபம். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்ட மொழியில், பேசாமல் இருக்கும் மாமியாரும் மருமகளும் ஒரே மூச்சில் மனஸ்தாப மந்திரம் சொல்வதைக் கேட்பது சாதாரண அனுபவம் அல்ல. ஒரு மனஸ்தாபத்தின் நடுவில் உட்கார்ந்து இன்னொரு மனஸ்தாபத்தை வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

தலைவெள்ளிக்கென்று அந்த வீட்டில் செபமாலைக்குப் பிறகு ஒன்று கூடும்: நிந்தைப் பரிகார செபம். பரிகாரம் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அறிமுகம் தேவையில்லை. பாடலாத்ரி நரசிம்மரின் குன்றைச் சுற்றி வரும் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருத்துவத்திலும் அது உண்டு. யாழ்ப்பாணத்தில் நாட்டு வைத்தியரைப் பரியாரியார் என்பார்கள், பரிகாரி என்ற சொல்லின் பேச்சு வடிவம் அது. தன் குறை தீரத் தான் செய்வது நாம் பொதுவாக அறிந்த பரிகாரம். நிந்தைப் பரிகாரம் அதிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறது. இங்கே காயம் பட்டிருப்பது ஆண்டவரின் இருதயம். காயப்படுத்தியவர்களில் பலர் இந்தக் கூடத்தில் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து இந்த ஆறு பேர் மன்னிப்புக் கேட்கிறார்கள்.

இந்தப் பக்திக்கு ஊர் பிரான்சில் உள்ள பாரே-லெ-மோனியால். அங்கிருந்த மடத்தில் 1670-களில் மார்கரீத் மரியா அலக்கோக் என்ற கன்னியருக்குக் கிடைத்த காட்சிகளிலிருந்து தலைவெள்ளியில் நற்கருணையாகிய நன்மை வாங்குவதும் வியாழன் இரவு ஒரு மணி நேர விழிப்பும் வந்தன. 1928 மே 8-ஆம் நாள் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் பரிகாரத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதி, திரு இருதயத் திருநாளில் எல்லாக் கோயில்களிலும் பரிகார செபம் சொல்லச் செய்தார்.

அந்தச் செபத்தின் வரிசையைக் கவனித்தால் ஒரு பெரிய நயம் தெரியும். உலகத்தின் நிந்தைகளைப் பட்டியல் போடுவதற்கு முன், சொல்பவர்கள் தங்கள் பங்கை ஒத்துக்கொண்டுவிட வேண்டும். நாங்களும் செய்திருக்கிறோம் என்று முதலில். மற்றவர்கள் செய்ததற்காகவும் என்று பிறகு. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் செபம் குற்றச்சாட்டாகிவிடும். அக்காவின் கணவரான மாமா அதை வாசிக்கும்போது முதல் பகுதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள், வாசகமே தாழ்த்தியிருக்கும்.

தமிழில் சொல்லும்போது இன்னொன்றும் சேர்கிறது. நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. செபிப்போமாக என்று மாமா சொல்லும்போது அது நாம்: பாயில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வது. அடுத்த நொடியே ‘எங்கள்’ வந்துவிடுகிறது. முகம் ஆண்டவர் பக்கம் திரும்பிவிட்டது. கேட்பவர் அவர், இந்தப் பக்கம் இருக்கும் எல்லோரும் ஒரே கட்சி. அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் அக்காவும் இருக்கிறாள், அத்தையும் இருக்கிறார். அதற்குள் இருந்துகொண்டு ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்ல முடியாது. லத்தீனில் எழுதப்பட்ட செபத்துக்குள் இந்த நுட்பம் கிடையாது. நம் இலக்கணம் தன் சொந்தக் காணிக்கையாகப் போட்டது.

மகிமையில் இருக்கும் கிறிஸ்துவுக்கு நம் ஆறுதல் எதற்கு என்று நானே பல வருடம் கேட்டிருக்கிறேன். பத்திநாதரின் மடல் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. கெத்சமனி தோட்டத்தில் அவர் நொந்தது, பின்னால் வரப்போகும் நம் பாவங்களையும் முன்னறிந்து. அப்படியானால் பின்னால் வரப்போகும் நம் பரிகாரத்தையும் அப்போதே கண்டு தேறுதல் அடைந்திருப்பார் அல்லவா? வானதூதர் கொண்டுவந்த ஆறுதலுக்குள் அதுவும் இருந்தது என்கிறார். இதை நினைத்துக்கொண்டு அந்தக் கூடத்தைப் பார்த்தேன். சீடர்கள் மூவரும் தூங்கிப்போன அந்த இரவுக்கு, அக்காவின் ஏழு வயது மகன் தூக்கத்தில் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்து சொன்ன அருள்நிறைந்த மந்திரமும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

வியாழன் இரவின் அந்த விழிப்பு வேளைக்குத் தமிழில் திருமணி ஆராதனை என்று பெயர். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி என்றே ஓர் ஊர் இருக்கிறது. மத்திய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் உள்ள ஊர். பெயர் ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் வியாழன் இரவுகளில் அந்த ஊரை நினைக்காமல் அத்தை செபத்தை முடிப்பதில்லை. வேதனையில் இருப்பவர் பக்கத்தில் உட்கார்வதைத்தான் இரண்டு திருமணியும் அவருக்குச் சொல்கின்றன.

மறுநாள் முதல் சனி. அது மாதாவின் மாசற்ற இருதயத்துக்கு. பாத்திமாவில் மாதாவைக் கண்ட லூசியாவுக்கு 1925 டிசம்பர் 10-ஆம் நாள் ஸ்பெயினின் போந்தேவேத்ராவில் மறுபடி ஒரு காட்சி கிடைத்தது. முட்கள் சூழ்ந்த இருதயம். அவற்றை எடுத்துவிட ஆளில்லை. கேட்கப்பட்டவை ஐந்து மாத முதல் சனிகளில் பாவசங்கீர்த்தனம், நன்மை, ஐம்பத்துமூன்று மணி செபமாலை; அதோடு தேவ இரகசியங்களைத் தியானித்துக்கொண்டு கால் மணி நேரம் மாதாவுக்குத் துணையாக இருப்பது.

எனக்கு மிகப் பிடித்தது அந்தக் கடைசிக் கோரிக்கை. ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தால் ‘துணைக்கு யார் இருக்கிறீங்க?’ என்றுதான் முதலில் கேட்போம். துணைக்கு இருப்பவர் வைத்தியம் செய்வதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவே. அவர் இல்லாவிட்டால் நோயாளிக்கு இரவு நீண்டுவிடும். அக்கா வீட்டில் அந்தக் கால் மணி நேரத்தை யாரும் செபத்தால் நிரப்புவதில்லை. சும்மா இருக்கிறார்கள். சின்னவன் மட்டும் மெழுகு வழிவதை எண்ணுகிறான். அவனை யாரும் அதட்டுவதில்லை.

முள்ளுக்கும் எங்கள் பக்கத்தில் உவமை தேட வேண்டாம். ஏரிக்கரைச் சீமைக்கருவேலங்காட்டில் ஓடி முள் ஏற்றிக்கொண்டு வராத பிள்ளை யார்? ஊக்கை நெருப்பில் காட்டிக்கொண்டு அம்மா உட்கார்வாள். பாட்டி காலை இறுக்கிப் பிடிப்பார். அண்ணன் டார்ச் அடிப்பான். அப்பா கதை சொல்லிக் கவனத்தைத் திருப்புவார். ஒரு முள்ளுக்கு ஒரு குடும்பம். பரிகார பக்தியைத் தனியாகவும் செய்யலாம். சேர்ந்து செய்யும்போது அதற்கு வரும் அழகு இந்தக் காட்சியில் இருப்பதுதான்.

வெள்ளி இரவின் முடிவைச் சொல்லவில்லையே. செபம் முடிந்ததும் பாடுபட்ட சுரூபம் கைமாறி வரும். ஒவ்வொருவரும் திருக்காயங்களை முத்தி செய்வார்கள். அதன் பிறகு இளையவர்கள் பெரியவர்களிடம் போய்த் தோத்திரம் சொல்லி ஆசீர் வாங்க வேண்டும். பிள்ளைகள் போனார்கள். மாமா போனார். நான் போனேன். கடைசியில் அக்கா நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, “தோத்திரம் அத்தை” என்றாள். இரண்டு நாளில் முதல் பேச்சு. அத்தையின் பெருவிரல் அவள் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டது. குறுக்குக் கோடு போடுவதற்குள் விரல் அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு போட்டது. “போம்மா, பிள்ளைங்களுக்குப் பசிக்கும்” என்றார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 அக்டோபர் 24-இல் வெளியிட்ட ‘திலெக்சித் நோஸ்’ மடலில் பரிகாரத்தைப் பற்றிப் பேசும் பகுதியிலேயே, சகோதரரிடம் மன்னிப்புக் கேட்பதன் அழகையும் சொல்லியிருக்கிறார். அதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பெருவிரல்.

வீட்டில் பாட்டிமார் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் மனத்துயர் செபம் சொல்லட்டும், அது நல்ல தமிழ். பக்கத்தில் நாற்காலியில் இருப்பவர் உத்தம மனஸ்தாப மந்திரம் என்று தொடங்கினால் அவரைத் திருத்தாதீர்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள்.