கடல், ஏரி, மலையாறு: எல்லாம் ஒரே வாரத்தில்

ஃப்ளை ஃபிஷிங் தனி ஆளின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போய்விடுவேன். பனி மூடிய ஆற்றின் நடுவே ஒற்றை ஆள் நின்று லைனை வீசும் படங்களைப் பார்த்துப் பார்த்து அந்த எண்ணம் எல்லோருக்கும் ஊறிப்போயிருக்கிறது. நியூசிலாந்தின் வடக்குத் தீவில் நண்பர்களோடு ஒரு வாரம் சுற்றிப் பாருங்கள். டௌராங்காவில் கடல், ரோட்டோருவாவிலும் டௌபோவிலும் ஏரி, டூராங்கியில் மலையாறு. ஆக்லாந்திலிருந்து காரில் கிளம்பினால் இந்த மூன்றும் ஒரே பாதையில் அடுத்தடுத்து வருகின்றன. கடலிலிருந்து ரோட்டோருவா ஒரு மணி நேரம், அங்கிருந்து டௌபோ இன்னொரு மணி நேரம். உலகத்தில் வேறெங்கே இப்படி வாய்க்கும்!

இந்தப் பக்கமே வராதவர்களுக்காக ஒரு வார்த்தை. சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் கனம் தங்கூசியை இழுத்துக்கொண்டு பறக்கும். இங்கே கொக்கியில் கட்டியிருக்கும் இறகுக்கும் ரோமத்துக்கும் கனமே கிடையாது. தடித்த லைனின் கனத்தைத்தான் வீசுகிறோம். அந்த இறகுப் பூச்சி அதன் பின்னாலேயே போகிறது. கை பழக நாளாகும். பழகிவிட்டாலோ அதன் பிறகு வேறு தூண்டிலைத் தொட மனசு வராது.

எங்கள் கூட்டத்தில் திட்டம் போடுவது யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். அவர் திட்டம் போடுவதைப் பார்ப்பதே ஒரு விருந்து. மற்றவர்கள் லீவு எப்போது, விமான டிக்கெட் எப்போது மலிவு என்று தொடங்குவார்கள். அவர் மீனிலிருந்து தொடங்குகிறார். கிங்ஃபிஷ் கோடையில் ஆழமில்லாத கழிமுகத்துக்கு ஏறிவரும். தண்ணீர் குளிர்ந்தால் இறங்கிவிடும். ஏரியிலிருந்து ரெயின்போ ட்ரவுட் முட்டையிட ஆற்றில் ஏறுவது குளிர்காலத்தில். இரண்டும் லேசாக ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் காலம் ஏப்ரலின் முன்பாதி. அப்போது டூராங்கியில் ஓடும் ஆற்றில் பிரவுன் ட்ரவுட் ஏற்கனவே ஏறிக்கொண்டிருக்கும், ரெயின்போவின் முதல் வரவும் தொடங்கியிருக்கும், கடலிலும் கோடையின் மிச்சம் இருக்கும். மாதம் முடிவாயிற்று.

அடுத்தது தேதி. மணல்திட்டில் கிங்ஃபிஷைக் கண்ணால் கண்டுதான் பூச்சியை எறிய வேண்டும். அதற்குச் சூரியன் உயர நிற்க வேண்டும், அதே நேரத்தில் பெருக்கும் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பெருக்கு ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகிறது. டௌபோ ஏரியில் இரவு மீன்பிடிப்புக்கோ இருட்டு வேண்டும். நிலா காய்ந்தால் ட்ரவுட் கரைக்கு வரக் கூச்சப்படும். அண்ணை கண்டுபிடித்த விடை தேய்பிறை அஷ்டமி. அந்த நாள் வாக்கில் டௌராங்காவில் காலையில் வற்று முடிந்து உச்சி வெயிலுக்குப் பெருக்கு வரும்; நாங்கள் ஏரிக்குப் போய்ச் சேரும்போது அமாவாசை நெருங்கிவிடும். நம்மவர்கள் அஷ்டமியில் எதையும் தொடங்க மாட்டார்கள். எங்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது!

ஆட்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு சட்டம். ஏன் என்பது டௌராங்கா மணல்திட்டில் இறங்கிய உடனே விளங்கும். இந்தக் கிங்ஃபிஷ் நம் ஊர் வஞ்சிரம் அல்ல. பாரைக் குடும்பத்து மீன், வால் மஞ்சள். பெருக்கோடு திருக்கைகள் மணலைக் கிளறிக்கொண்டு மேய வரும். திருக்கைக்கு அஞ்சி எழும்பும் சிறு மீன்களைப் பிடிப்பதற்காக, அதன் முதுகின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிங்ஃபிஷ் வரும். முழங்கால் தண்ணீரில் நிற்கிறவன் கண்ணுக்கு அது சட்டென்று படாது. சற்று மேட்டில் நின்று, போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற இன்னொருவன் வேண்டும்.

"அந்தா, கறுப்பா ஒண்டு வருது. தெரியுதா?"

"தெரியலையே அண்ணை."

"நேரே பார். திருக்கையின்ர முதுகிலை பச்சையா மினுங்குது. பொறு. பொறு. இப்ப எறி!"

லைன் போய் விழுகிறது. அண்ணை "இழு, கெதியா இழு" என்கிறார். ஸ்ட்ரீமர் பூச்சி அசைந்ததும் அந்தப் பச்சை நிழல் திருக்கையின் முதுகிலிருந்து கழன்று பாய்கிறது. முழங்கால் ஆழத்தில் அத்தனை பெரிய மீன் திரும்பும்போது தண்ணீர் முதுகு வளைந்து எழும்பும். பிறகு ரீல் அலறும் சத்தம். பத்தாம் எண் ராட் அடி வரைக்கும் வளைகிறது, லைன் தீர்ந்து பேக்கிங் நூல் ஓடுகிறது, நெஞ்சு வாய்க்கு வருகிறது. கண்டவர் ஒருவர், எறிந்தவர் ஒருவர். அந்த மீன் யாருடையது? இருவருடையதும்தான். 75 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி திரும்ப விட்டுவிட வேண்டும். நாங்கள் பெரியதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கிங்ஃபிஷ் வராத நாளில் கஹவாய் மீன் இருக்கிறது. துறைமுக வாயில் பறவைகள் வட்டமிடும் இடத்தில் கூட்டம் கூட்டமாக வந்து, கடித்தவுடன் காற்றில் துள்ளும். முதன்முறை ராட் பிடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. பொழுதுபோக்காகக் கடலில் மீன் பிடிக்க லைசென்சும் வேண்டாம்.

ஏரிகளுக்கு லைசென்ஸ் வேண்டும். ரோட்டோருவாவுக்கு ஒன்று, டௌபோவுக்குத் தனியாக இன்னொன்று. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதில் இறங்க முடியாது. கூட்டமாகப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சேர்த்து வாங்கிவிடுவது நிம்மதி. தண்ணீரில் இறங்கப் போடும் வேடர்ஸையும் காலணியையும் ஒவ்வொரு நீரிலிருந்து ஏறியதும் கழுவிக் காயவைப்பது அதைவிட முக்கியம். 2004-ல் தென் தீவின் ஆறுகளில் டிடிமோ என்ற பாசி கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவக்கூடாது என்பதற்காக 2008 முதல் கம்பளி போன்ற ஃபெல்ட் அடி வைத்த காலணிகளுக்கே தடை. இவ்வளவு தெளிந்த தண்ணீரை நமக்குத் திறந்துவிட்டிருக்கும் நாட்டுக்கு இந்த அரை மணி நேர வேலையைச் செய்து கொடுக்க எனக்குக் கொஞ்சமும் அலுப்பில்லை.

ரோட்டோருவா ஆழமில்லாத ஏரி. கோடை முடிவில் தண்ணீர் சூடேறிப்போக, ட்ரவுட் எல்லாம் குளிர்ந்த ஓடைகள் வந்து சேரும் வாய்களில் ஒதுங்கி நிற்கும். அங்கே ஒரு மாலை போதும். மனம் டௌபோவுக்குப் பறந்துகொண்டிருக்கும்.

டௌபோ! 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த எரிமலை ஏரி. அடிநிலம் டூஃபரெடோவா மாவோரி மக்களுடையது. அதன் கிழக்குக் கரையில் வைட்டஹானுயி ஆறு வந்து கலக்கும் இடத்தில், ஆற்றோட்டம் ஏரிக்குள் பாயும் விளிம்பில், மீன்பிடிப்பவர்கள் தோளோடு தோள் ஒரே வரிசையாக நிற்பார்கள். வேலிக்கால்கள் போல நிற்பதால் அந்த வரிசைக்கு வேலி என்றே பெயர். தனிமை விரும்பிகள் அதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். எனக்கோ அதுதான் சொர்க்கம். இருட்டியதும் எங்கள் கூட்டம் மொத்தமும் அந்த வேலியில் நிற்கும். கொக்கியில் கிரெய்க்ஸ் நைட்டைம் என்ற பூச்சி: கறுப்பு உடலின் மேல், நம் ஊர் நீலத் தாழைக்கோழியின் உறவான புக்கேக்கோவின் கருநீல இறகு. கண்ணுக்கு எதுவும் தெரியாது, விரலில்தான் எல்லாம். லைன் மெல்லக் கனக்கும். இரண்டு ஆள் தள்ளி ஒரு குரல் "வந்திட்டுது!" என்னும். உடனே இருபுறமும் நிற்பவர்கள், முன்பின் தெரியாதவர்கள்கூட, தங்கள் லைனைச் சுருட்டி வழி விடுவார்கள். நள்ளிரவு 12 மணிக்கு மீன்பிடிப்பை நிறுத்தியாக வேண்டும். காலை 5 மணிக்கு மறுபடி தொடங்கலாம். நிறுத்தச் சட்டம் இருப்பதால்தான் நாங்கள் தூங்குகிறோம்.

ஏரியின் தென்கோடியில் டூராங்கி. டோங்காரிரோ ஆறு மலையிலிருந்து உருண்டு வருகிறது. தெளிந்த நாளில் ருவாபேஹுவின் வெண்முடி பின்னால் தெரியும். இங்குள்ள ரெயின்போவின் மூதாதையர் 1880-களில் கலிஃபோர்னியாவிலிருந்து முட்டையாகக் கப்பலேறி வந்தவர்கள். 1926-ல் அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் க்ரே இந்த ஆற்றுக்கு வந்து போய் எழுதியதிலிருந்து உலகமே இங்கே வருகிறது. மேஜர் ஜோன்ஸ், ரெட் ஹட், அட்மிரல்ஸ் என்று ஒவ்வொரு மடுவுக்கும் பெயர் உண்டு.

இந்த ஆற்றின் ஒழுங்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும். ஸ்ட்ரீமரை ஓட்டத்தோடு வீசுகிறவர்கள் மடுவின் தலையில் இறங்க வேண்டும். குறுக்காக ஒரு வீச்சு, லைன் வளைந்து கரைக்கு வரும் வரை பொறுமை, பிறகு கீழ்நோக்கி ஓரடி. நீங்கள் ஓரடி நகர்ந்தால் பின்னாலிருப்பவர் உங்கள் இடத்துக்கு வருகிறார். கடைசி வரை போனவர் கரையேறி மறுபடி தலைக்குப் போய் வரிசையில் சேருகிறார். மீன் படுத்திருக்கும் அந்த ஒரே நல்ல இடம், பாறைக்குப் பின்னால் தண்ணீர் மழமழவென்று இருக்கும் இடம், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு முறை வருகிறது. கைதேர்ந்தவருக்கும் அதே தண்ணீர், நேற்றுத் தொடங்கியவருக்கும் அதே தண்ணீர். ஒருமுறை எங்களில் இளையவள், கடலில் ஒன்றுமே மாட்டாதவள், அந்தப் பாறைக்குப் பின்னால் ஒரு பிரவுனைப் பிடித்தாள். தாமிர நிறம், விலாவில் சிவப்புப் புள்ளிகளைச் சுற்றி வெளிர் வளையம், தாடை கொக்கியாக வளைந்த கிழட்டு ஆண். கத்திய கத்தில் மேல் மடுவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று விதமான நீரைத் திட்டத்தில் வைப்பதன் பலன் இதுதான்: கடலில் சோர்ந்தவருக்கு ஆறு கை கொடுக்கும், ஆற்றில் தோற்றவருக்கு ஏரி இருக்கும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அண்ணை மன்னிக்க மாட்டார். நியூசிலாந்தில் ட்ரவுட்டை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. எந்த ஓட்டல் மெனுவிலும் அது விலை போட்டு இருக்காது. நீங்கள் பிடிக்க வேண்டும், அல்லது பிடித்தவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். ஆரஞ்சுச் சதையுள்ள ரெயின்போவில் ஒரு பாதியை மானுக்கா மரத்தூள் புகையில் வாட்டுவோம். மறுபாதி அண்ணையின் கையால் தேங்காய்ப்பால் சொதி, பச்சை மிளகாய் கீறிப்போட்டு, கடைசியில் எலுமிச்சை பிழிந்து. புட்டுக்கு மேல் அதை ஊற்றிக்கொண்டு, அடுத்த ஏப்ரலில் தேய்பிறை அஷ்டமி எந்தக் கிழமை வருகிறது என்று ஆளுக்கொரு போனில் தேடத் தொடங்குகிறோம்.