புறநானூற்றுப் புலவர் - புரவலர் உறவும் வலைப்பின்னல் பகுப்பாய்வும்

வலைப்பின்னல் பகுப்பாய்வு மானுடப் புலங்களுக்குச் சமூகவியலின் வழியே வந்து சேர்ந்தது. பள்ளி மாணவருள் யார் யாரை விரும்பித் தேர்ந்தனர் என்பதைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்த படங்களை மொரேனோ 1934ஆம் ஆண்டு நூலில் வெளியிட்டார். பாட்ஜெட், ஆன்செல் ஆகிய இருவரும் 1993இல் ஃபிளாரன்ஸ் நகரத்து மெதிச்சி குடியின் எழுச்சியை இம்முறையால் விளக்கினர். ஹாம்லெட் நாடக மாந்தருள் ஒருவரோடொருவர் உரையாடுவோரைக் கோட்டால் இணைத்து, கதைப்பின்னலை ஒரு வரைபடமாகக் காட்ட மொரெட்டி 2011இல் முயன்றார். தமிழாய்வுக்கு இந்நோக்கு முற்றிலும் புதிதன்று. கே.என். சிவராசபிள்ளை 1932இல் வெளியிட்ட பண்டைத் தமிழர் காலவரிசை பற்றிய நூலில், ஒருகாலத்தவரான புலவரையும் வேந்தரையும் அட்டவணைப்படுத்தினார். அவ்வட்டவணை கோடு வரையப்படாத வலைப்பின்னலே ஆகும்.

இன்று இம்முறையைக் கற்க முனையும் இளம் ஆய்வாளர் பெரும்பாலும் மென்பொருளிலிருந்து தொடங்குகின்றனர். கெஃபி, பாயெக் போன்றவற்றை இயக்கப் பழகுதல் அரிதன்று. ஆனால் எதனைப் புள்ளியாகக் கொள்வது, எதனைக் கோடாகக் கொள்வது என்னும் வினாவிற்கு மென்பொருள் விடை தராது. அது பாடத்திறனாய்வு சார்ந்த வினா. புறநானூற்றில் அவ்வினா கூர்மை பெறுகிறது. ஏனெனில், அங்குப் புலவரையும் புரவலரையும் இணைக்கும் செய்திகளுள் பெரும்பகுதி பாடல்களில் இல்லை. பாடல்களின் அடியில் அமைந்த கொளுக் குறிப்புகளிலேயே உள்ளது.

பேகன் பாடல்களைச் சான்றாகக் கொள்ளலாம். பேகன் துறந்த மனைவி கண்ணகி பொருட்டுக் கபிலர் (143), பரணர் (144, 145), அரிசில்கிழார் (146), பெருங்குன்றூர்கிழார் (147) ஆகிய நால்வர் பாடினர் என்பது கொளுக்களின் செய்தி. கண்ணகி என்னும் பெயர் இவ்வைந்து பாடல்களில் எதனுள்ளும் இல்லை. 147ஆம் பாடலில் பேகன் பெயரும் இல்லை. ஆவியர் கோ என்னும் விளியே உள்ளது. பாடலை மட்டும் நோக்கின் இக்கோடுகளுள் ஒன்று மெலிகிறது; கண்ணகி என்னும் புள்ளி மறைந்து பெயரற்ற ஒரு பெண்ணே எஞ்சுகிறாள்.

இதனினும் கவனிக்கத்தக்கது அடுத்த படிநிலை. ஒரே புரவலரைப் பாடிய புலவர்களைத் தம்முள் இணைத்துப் புலவர் வலைப்பின்னல் ஒன்றை ஆக்கும் வசதி மென்பொருள்களில் உண்டு. பேகன் ஒருவனால் இந்நால்வர்க்கிடையே ஆறு கோடுகள் தோன்றிவிடும். நால்வரும் ஒருவரையொருவர் கண்டனர் என்று எப்பாடலும் கூறவில்லை, கொளுவும் கூறவில்லை. ஆயினும் படத்தில் அவர்கள் நெருங்கிய குழுவாகத் தோன்றுவர். அத்தோற்றத்தைப் புலவர் அவை என்றோ பள்ளி என்றோ வரலாறாக எழுதுவது, முறை தானே ஆக்கிய ஒன்றைச் சான்றெனக் கொள்வதாகும்.

எண்ணிக்கை சார்ந்த மையத்தன்மையும் இவ்வாறே வழிமாற்றக் கூடும். பாரி, பேகன், மலையமான் திருமுடிக்காரி, செல்வக்கடுங்கோ வாழியாதன், விச்சிக்கோன், இருங்கோவேள் எனப் பலருடன் இணையும் கபிலர் படத்தின் நடுவில் அமர்வார். பிசிராந்தையாரோ கோப்பெருஞ்சோழன், பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் இருவரோடு ஓரத்தில் நிற்பார். சந்திப்பையே கோட்டுக்கு அளவுகோலாகக் கொண்டால், சோழனுடன் வாழ்நாளில் அவருக்குக் கோடே அமையாது. ஒருவர் மற்றவரைக் கேள்வியால் மட்டுமே அறிந்திருந்தனர் என்பதை 216ஆம் பாடலே உணர்த்துகிறது. ஆனால் 67ஆம் பாடலில் ஆந்தை தம் பெயரைத் தாமே கூறிச் சோழனுக்குச் செய்தி விடுக்கிறார். தொகையில் இத்துணை உறுதியான அகச்சான்றுடைய உறவுகள் மிகுதியாக இல்லை. மேலும், பாண்டிய நாட்டையும் உறையூரையும் இணைக்கும் வழி அவர். தொடர்புகளின் தொகையால் சிறியவர், இடைநிலையால் பெரியவர் ஆகலாம். இம்முறையின் உண்மையான பயன் இத்தகைய இடங்களில்தான் வெளிப்படுகிறது. வெறும் எண்ணிக்கைக்குக் கணினி வேண்டுவதில்லை.

நினைவுகூர்தலும் பழகுதலும் வேறு. அதியமானின் கோவலூர் வெற்றியைப் பரணன் பாடினன் என 99ஆம் பாடலில் ஔவையார் கூறுகிறார். மறைந்த கபிலரைப் பொருந்தில் இளங்கீரனார் 53ஆம் பாடலில் போற்றுகிறார். இரண்டையும் ஒரே வகைக் கோடாக வரைவது பொருந்தாது. பின்னது காலம் கடந்தது, ஒருவழிப்பட்டது. மெதிச்சி ஆய்வு வலுப்பெற்றதற்கு ஒரு காரணம், மணவுறவையும் பொருளியல் உறவையும் அது ஒன்றாகக் கலக்காமையே. அக்குடி மணவுறவு கொண்ட குடும்பங்கள் வேறு, பொருளியல் உறவு கொண்டவை வேறு என்னும் முடிவு அப்பிரிப்பாலேயே கிடைத்தது.

பெயரொற்றுமை பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. பெயரை மட்டும் கொண்டு புள்ளி அமைத்தால் சங்கக் கபிலரும் பதினோராம் திருமுறைக் கபிலதேவ நாயனாரும் ஒருவராகிவிடுவர்.

எனவே ஒவ்வொரு கோட்டுக்கும் அது பாடலிலிருந்து வந்ததா, கொளுவிலிருந்து வந்ததா, அவ்வுறவு எவ்வகையது என்னும் குறிப்புகள் தரவு அட்டவணையிலேயே இடம்பெற வேண்டும். பின்னர் அகச்சான்று வலைப்பின்னல் ஒன்றும் கொளு வலைப்பின்னல் ஒன்றும் தனித்தனியே வரைந்து ஒப்பிடுதல் வேண்டும். இரண்டிலும் நிலைத்து நிற்கும் அமைப்பே சங்கச் சமூகம் பற்றிய கருத்துக்கு இடமளிக்கும். கொளுவில் மட்டும் தோன்றும் அமைப்பு பயனற்றதன்று. தொகையை ஒழுங்குபடுத்தியோர் தம் முன்னோரின் உலகத்தை எவ்வாறு கண்டனர் என்பதற்கு அது சான்றாகும். இவ்விரண்டாம் வினா தமிழில் இன்னும் போதிய அளவு எழுப்பப்படவில்லை. வலைப்பின்னல் பகுப்பாய்வு புதிதாகத் தரக்கூடியதும் இதுவே எனலாம்.

இவ்வொப்பீட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. தொகையின் பிற்பகுதியில் சில பாடல்களுக்குப் புலவர் பெயர் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் மறைந்தன. அவற்றைப் பாடிய இருவரும், அவர்கள் பாடிய சேரர் இருவரும் அந்நூலில் எவ்விடத்தில் நின்றனர் என்பதை எப்படமும் காட்டாது. ஆதலின் படத்தில் இருவர்க்கிடையே கோடு இல்லாமையை, அவர்க்கிடையே உறவு இல்லாமைக்குச் சான்றாகக் கொள்ள இயலாது.