காயம் மரபணுவில் எழுதப்படுகிறதா?

"சின்ன வயசுல பட்ட கொடுமை மரபணுவிலேயே பதிஞ்சுடும், அதான் பெரியவங்களானதும் மனச்சோர்வு வருது." இந்த வரி இப்போ எல்லா இடத்திலும் சுத்துது. இதில் முதலும் முடிவும் உறுதியானவை. குழந்தைப் பருவத்தில் வதைபட்டவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். என் சண்டை நடுவில் உள்ள "அதான்" மேல்தான்.

கதை எலியில் தொடங்குகிறது. 2004-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இயன் வீவர், மைக்கேல் மீனி, மோஷே சிஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. சில தாய் எலிகள் குட்டிகளை நிறைய நக்கிக்கொடுக்கும், சில அவ்வளவாகச் செய்யாது. குறைவாக நக்கப்பட்ட குட்டிகளின் ஹிப்போகேம்பஸில், அழுத்த ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குறிகள் அதிகம். மரபணு அடங்கிப்போகும், ஏற்பி குறையும். "போதும், நிறுத்து" என்று சொல்ல ஆள் குறைவு என்பதால் அழுத்த ஹார்மோன் சீக்கிரம் இறங்காது. குட்டிகளைத் தாய் மாற்றி வளர்த்தால், குறியும் வளர்த்த தாயைப் பொறுத்து அமைந்தது. அருமையான சோதனை, சந்தேகமே இல்லை.

2009-ல் பாட்ரிக் மெக்கோவனும் அதே குழுவும் மனித மூளைக்கு வந்தார்கள். வதைபட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்கள் 12 பேர், வதைபடாமல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 12 பேர், வேறு காரணத்தால் இறந்தவர்கள் 12 பேர். முதல் குழுவில் மட்டும் குறி அதிகம். இங்கேதான் பலர் வேகமாகத் தாண்டிப் போயிடறாங்க. இரண்டாவது குழுவும் தற்கொலைதானே? அவர்களின் மூளை மூன்றாவது குழுவைப் போலவே இருந்தது. அப்படியானால் குறி ஒட்டிக்கொண்டிருப்பது வதையோடு. அது மனச்சோர்வுக்கு வழி என்பதை இந்த 36 மூளைகள் காட்டவில்லை, காட்டவும் முடியாது. இறந்த பிறகு ஒரே ஒருமுறை எடுத்த அளவு அது.

உயிரோடு இருப்பவர்களின் மூளையை எடுக்க முடியாது என்பதால் அடுத்து வந்தவர்களில் பலர் ரத்தமோ எச்சிலோ எடுத்தார்கள். மெத்தில் குறி செல்லுக்குச் செல் மாறும். ரத்தத்தில் தெரிவது மூளையிலும் இருக்கும்னு எப்படிச் சொல்வது?

2018-ல் மார்சியும் சகாக்களும் பிரிட்டனின் இரட்டையர் ஆய்வு ஒன்றில், 18 வயதான 1600-க்கும் மேற்பட்டோரின் ரத்தத்தைப் பார்த்தார்கள். இவர்கள் பட்ட துன்பம் சிறுவயதிலிருந்தே பதிவு செய்யப்பட்டிருந்தது, பின்னாளைய ஞாபகத்தை மட்டும் நம்பியதல்ல. சில தொடர்புகள் கிடைத்தன. புகைபிடிப்பதைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பாலானவை மங்கிவிட்டன! துன்பப்பட்ட பிள்ளைகள் அதிகம் புகைபிடிக்கிறார்கள், புகை டி.என்.ஏ-வில் அழுத்தமாகக் குறி வைக்கிறது. அதுவும் ஒரு பாதைதான். ஆனால் அது வேறு கதை.

இதில் எனக்கு எரிச்சல் ஏன் என்றால், அப்படியொரு குழந்தைப் பருவத்தைக் கடந்து வந்தவர் "மரபணுவில் எழுதியாச்சு" என்று படித்தால் அதைத் தலையெழுத்தாகத்தான் எடுத்துக்கொள்வார். ஆனால் 2004 ஆய்விலேயே, வளர்ந்த எலியின் மூளையில் ஒரு மருந்தைச் செலுத்தியதும் அந்த வித்தியாசம் மறைந்தது. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

புதிய ஆய்வு கைக்கு வந்தால் நான் முதலில் முறைப் பகுதிக்குப் போய் மூன்றைத் தேடுகிறேன்: எந்தத் திசு, எத்தனை முறை அளந்தார்கள், சிகரெட் பற்றிக் கேட்டார்களா.