இரண்டு பில், ஒரு ரீடிங்

பிரிட்டனில் மின்சாரம், காஸ் விற்கும் நிறுவனத்தை மாற்றுவது எளிது. மாறிய பின் பழைய நிறுவனம் கூட்டிப் போட்ட கணக்கைத் திருத்த வைப்பது எளிதன்று. இதற்கு நிறுவனங்களின் பேராசையைக் காரணம் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். பேராசையைக் கண்டிக்கலாம்; ஆனால் கண்டனத்தால் ஒரு முறைமையின் தரம் விளங்கிவிடாது. தகராறைத் தீர்க்க அங்கே உருவாகியிருக்கும் ஏற்பாடு எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது, அதன் பகுதிகளுக்குள் பொருத்தம் உண்டா என்று எடைபோட வேண்டும். வட அயர்லாந்தின் ஏற்பாடு வேறு. அது இந்த மதிப்பீட்டுக்குள் வராது.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். காலத்தைப் பொறுத்தவரை விதிகள் கறாரானவை. 2022 ஜூலையிலிருந்து மாற்றம் 5 வேலை நாட்களுக்குள் முடிய வேண்டும். மாறிய 6 வாரங்களுக்குள் பழைய நிறுவனம் கடைசி பில்லை அனுப்ப வேண்டும். கணக்கில் நம் பணம் மிஞ்சியிருந்தால் அந்த பில்லுக்குப் பின் 10 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் இழப்பீடு 40 பவுண்டு; 2025 ஜனவரிக்கு முன் 30 பவுண்டு. இதை நாம் விண்ணப்பித்துப் பெற வேண்டியதில்லை, நிறுவனம் தானாகவே தர வேண்டும். தொகை சிறிது, கொள்கை பெரிது. தவறை நிரூபிக்கும் சுமையை நாட்காட்டியே ஏற்றுக்கொள்கிறது.

அடுத்த நிறை, பழைய பாக்கி பற்றிய விதி. 12 மாதங்களுக்கு முன் எரித்த மின்சாரத்துக்கோ காஸுக்கோ நிறுவனம் தன் தவறால் பில் போடாமல் விட்டிருந்தால், பிறகு அதைக் கேட்க முடியாது. நிறுவனங்கள் தாமாக ஏற்றிருந்த உறுதிமொழியாக மட்டும் இருந்த இதனை 2018 மே மாதத்தில் ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் உரிம நிபந்தனையாக்கியது. வாடிக்கையாளரே மீட்டரைப் பார்க்க விடாமல் தடுத்திருந்தால் பாதுகாப்பு இல்லை என்ற விலக்கும் நியாயமானதே. ஆனால் இதன் எல்லையையும் பார்க்க வேண்டும். தாமதமாக வந்த உண்மையிலிருந்து இந்த விதி காக்கிறது. உரிய நேரத்தில் வந்த பிழையிலிருந்து காக்காது. கடைசி பில் 6 வாரத்துக்குள் ஒழுங்காக வந்து, அதிலுள்ள எண் மட்டும் தப்பாக இருந்தால், மேலே புகழ்ந்த எந்த விதிக்கும் அங்கே வேலை இல்லை.

சிக்கல் அந்த எண்ணில்தான் இருக்கிறது. நிறுவனம் மாறும் நாளில் மீட்டர் காட்டும் ரீடிங் ஒன்றே. பழைய நிறுவனத்தின் கணக்கு அதில் முடிய வேண்டும். புதியதன் கணக்கு அதிலேயே தொடங்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மீட்டரின் உண்மையான அளவு 18,420. பழைய நிறுவனம் உத்தேசமாக 18,960 என்று எழுதிக் கணக்கை முடிக்கிறது. வேறுபாடு 540 யூனிட். பழைய கட்டணம் யூனிட்டுக்கு 27 பென்ஸ், புதியது 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். புதிய நிறுவனம் 18,420-இல் தொடங்கினால் அந்த 540 யூனிட்டுக்கு இருமுறை பணம் கட்டுகிறோம். நட்டம் 145 பவுண்டு 80 பென்ஸ். அதுவும் 18,960-இலேயே தொடங்கினால், பழையவர் அதிகம் வாங்கியதைப் புதியவர் வாங்காமல் விடுகிறார். நட்டம் கட்டண வேறுபாடு மட்டும், 10 பவுண்டு 80 பென்ஸ்.

இந்த வேறுபாட்டை உணராமல் எழும் குற்றச்சாட்டுகளில் பாதி வலுவிழந்துவிடும். இரு நிறுவனங்களும் ஏற்ற மின் ரீடிங்குக்கும் உண்மையான அளவுக்கும் வேறுபாடு 250 யூனிட்டுக்குக் குறைவானால் அதைத் திரும்பத் திறப்பதில்லை என்பது துறையின் நடைமுறை. கேட்டவுடன் அநீதியாகத் தோன்றும். மேலே போட்ட கணக்குப்படி அங்கே நட்டம் 5 பவுண்டைத் தாண்டாது. விசாரிக்கும் செலவு அதைவிடக் கூடும். ஆகவே அந்த எல்லை தற்காக்கத்தக்கதே. தற்காக்க முடியாதது வேறொன்று: இரண்டில் எது நடந்தது என்று பழைய பில்லை மட்டும் வைத்துக்கொண்டு வாடிக்கையாளரால் சொல்ல முடியாது. இரண்டிலும் பழைய பில் ஒரே மாதிரி இருக்கும். புதிய நிறுவனத்தின் முதல் பில் வந்து, தொடக்க எண்ணை ஒப்பிட்ட பிறகே 145 பவுண்டா 10 பவுண்டா என்பது தெரியும்.

அடுத்த குறை அமைப்பிலேயே இருக்கிறது. கூடுதலாகப் பணம் கேட்பவர் பழைய நிறுவனம். ரீடிங்கைத் திருத்தும் வேலையைத் தொடங்க வேண்டியவர் புதிய நிறுவனம். தொடக்க அளவைச் சேகரித்து, சரிபார்த்து, இரு தரப்புக்கும் சேர்ப்பிக்கும் பொறுப்பு புதியவர் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. இதில் தர்க்கம் உண்டு, ஏனெனில் இனி மீட்டருக்குப் பொறுப்பு அவர்தான். ஆனால் அவருக்கு இழப்பும் இல்லை, அவசரமும் இல்லை. பழையவரைக் கேட்டால் புதியவரைக் கேளுங்கள் என்பார். புதியவர் பதிலுக்குக் காத்திருக்கிறோம் என்பார். ஒவ்வொருவரும் விதிப்படி சரியாகவே பேசுகிறார்கள். நடுவில் அளவு மட்டும் அனாதையாகக் கிடக்கிறது.

காஸில் பிழை இன்னும் நுட்பமானது. பழைய மீட்டர்கள் நூறு கன அடிக் கணக்கில் அளப்பவை. புதியவை கன மீட்டரில். முதல் வகைக்கு 2.83 ஆல் பெருக்க வேண்டும், இரண்டாவதற்குக் கூடாது. 100 கன மீட்டர் எரித்தால், 1.02264 என்ற திருத்தக் காரணியால் பெருக்கி, எரிமதிப்பு 39.5 என்று கொண்டு, 3.6 ஆல் வகுக்க, சுமார் 1,122 யூனிட். மீட்டரின் வகையைப் பதிவேட்டில் மாற்றி எழுதிவிட்டால் அதுவே 3,175 யூனிட் ஆகிவிடும். இங்கே ரீடிங் சரி, பில் தப்பு. எண்ணை மட்டும் சரிபார்க்கும் எந்த நடைமுறையும் இதைப் பிடிக்காது. ஆனால் பில்லில் வாய்ப்பாடு அச்சாகியிருப்பதால், பொறுமையுள்ளவர் ஒரு கால்குலேட்டரால் பிடிக்கலாம். வெளிப்படைத்தன்மை இருக்கிறது; அதைப் படிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது.

இறுதியில் நடுவர். 2008 வரை இருந்த எனர்ஜிவாட்ச் என்ற நுகர்வோர் அமைப்பால் வாடிக்கையாளருக்காகப் பேச முடிந்தது, நிறுவனத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இடத்துக்குக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைக் கொண்டுவந்தது. புகார் கொடுத்து 8 வாரம் கடந்தாலோ, இதுவே எங்கள் இறுதி முடிவு என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தாலோ எனர்ஜி ஒம்புட்ஸ்மன் என்ற நடுவரிடம் போகலாம். நமக்குச் செலவில்லை, வழக்குக்கான கட்டணம் நிறுவனத்தின் மேல். 10,000 பவுண்டு வரை தீர்ப்பளிக்க அதிகாரம் உண்டு. நாம் ஏற்றால் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். நமக்குப் பிடிக்காவிட்டால் நீதிமன்றம் போகலாம். ஒருதலைப்பட்சமான இந்தக் கட்டுப்பாடு வேண்டுமென்றே அமைந்தது, பலம் சமமில்லாத வழக்கில் அது முறையும்கூட.

ஆனால் நடுவர் பார்ப்பது கோப்பு. மீட்டரைப் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை. நிறுவனத்திடம் தேதியிட்ட பதிவேடு இருக்கும். நம்மிடம், மாடிப்படிக்கு அடியில் துணிமூட்டையை நகர்த்தி, செல்பேசி வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் உண்டு. எடுக்கத் தோன்றாதிருந்தால் இல்லை. மேலும் ஒரு வழக்கின் தீர்ப்பு அடுத்ததைக் கட்டாது. அதனால் ஒரே பிழைக்கு ஒவ்வொரு குடும்பமும் முதல் வாக்கியத்திலிருந்து வாதாட வேண்டியிருக்கிறது.

ஸ்மார்ட் மீட்டர் இதையெல்லாம் தீர்த்துவிடும் என்பார்கள். மாறும் நள்ளிரவில் ரீடிங் தானாக எடுக்கப்படுவதால் பெரும்பகுதி தீரும், உண்மைதான். தொடர்பு அறுந்தால் மீண்டும் உத்தேசம்தான். முதல் தலைமுறை மீட்டர்கள் பல, நிறுவனம் மாறியதும் தொலைவிலிருந்து படிக்க முடியாதவையாகிவிட்டன. எந்தத் தருணத்துக்குத் தேவையோ அந்தத் தருணத்தில் கைவிட்ட கருவி அது.

ஆக, தீர்ப்பு இது. காலக் கணக்கில் இந்த ஏற்பாடு உயர்ந்த தரத்தது. கேட்காமல் தரும் இழப்பீடும், நிறுவனத்தை மட்டும் கட்டும் நடுவர் தீர்ப்பும் பிற துறைகள் பின்பற்றத்தக்க சாதனைகள். அளவுக் கணக்கில் அது அரைகுறை. தாமதத்துக்கு 40 பவுண்டு விதித்தவர்கள் தப்பான முடிவு ரீடிங்குக்கு எதையும் விதிக்கவில்லை. இரு நிறுவனங்களும் ஏற்ற எண், அது படித்ததா உத்தேசமா என்ற குறிப்புடன், கடைசி பில் போடும் முன் வாடிக்கையாளரின் கையெழுத்துக்கு வந்திருந்தால் மேலே சொன்ன வழக்குகளில் மின்சாரத்துடையவை பெரும்பாலும் பிறந்தே இருக்காது. அதுவரை மாறும் நாளன்று மீட்டரின் முன் குனிந்து படம் எடுப்பவரே இந்த முறைமையின் உண்மையான சரிபார்ப்பாளர். அந்த வேலைக்கு அவருக்குச் சம்பளம் இல்லை.