வானவில் மன்றமும் ஹோஷங்காபாத்தும்: சில குறிப்புகள்

பள்ளிகளில் அறிவியலைப் புதுமாதிரியாகச் சொல்லிக்கொடுப்பது பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் ஒரு பையில் போய் நின்றுவிடுகிறது. உள்ளே பலூன், ஸ்ட்ரா, காந்தம், சிரிஞ்சு. வானவில் மன்றத்துக்கு வந்த பாராட்டுகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

தெரியாதவர்களுக்கு: 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்த திட்டம். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிப்பவர்களுக்கானது. கருத்தாளர் ஒருவர் பரிசோதனைப் பொருட்களோடு வந்து பிள்ளைகளைச் செய்யவைப்பார். எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகமே இல்லாத நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை தன் கையால் கம்பியை இணைத்து பல்பு எரிவதைப் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனா தொடங்கும்போது சொன்ன கணக்கைப் பாருங்கள். 13,210 பள்ளிகள், 710 கருத்தாளர்கள். ஆளுக்குப் பதினெட்டு பள்ளிக்கு மேல் வருகிறது. அவர் வரும் நாள் திருவிழா. மறுநாள்? 'போர்ஷன் முடிக்கணும்' என்ற பழைய கவலை.

'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்பது திட்டத்தின் முழக்கம். சரி, அதை அப்படியே எடுத்துக்கொண்டு எங்கள் குண்டடத்துக்கு வாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் சுற்றுவட்டாரம் முழுக்க காற்றாலைகள் சுற்றும். நடுவில் ஒன்று மட்டும் சும்மா நிற்கும். ஏன்? அதை விடுங்கள், தண்ணீரை எடுங்கள். போர் தண்ணி, குழாய்த் தண்ணி, மழைத்தண்ணி மூன்றையும் மூன்று பாட்டிலில் ஒரே அளவு ஊற்றி, ஒரே அளவு சோப்புக் கரைசல் விட்டு, பத்துப் பத்து முறை குலுக்கி, நுரையின் உயரத்தை ஸ்கேலில் அளந்தால் போதும். எது உப்புத்தண்ணி என்று நாக்கு சொன்னதை இப்போது எண் சொல்லும். சோப்பைத் தின்பது கால்சியம், மெக்னீசியம் உப்புகள். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் போகிறார் என்றால் அடுத்த கேள்வி தானாக வரும்: சாயப்பட்டறைக்கு ஏன் மென்நீர் வேண்டும், சாயமேற்ற எதற்கு அவ்வளவு உப்பு, அது எங்கே போகிறது? நொய்யல் கெட்டதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இந்தப் பாட்டிலில் இருந்து ரொம்ப தூரம் இல்லை.

இதுக்குப் பை தேவையில்லை. ஆசிரியருக்கு இரண்டு மூன்று பீரியட் தேவை. பிள்ளைகள் எழுதும் அட்டவணைக்கு மதிப்பெண் தேவை. இடிப்பது இங்கேதான். செய்முறை எவ்வளவு ஜோராக நடந்தாலும் ஒரு பையன் எழுந்து, "சார், இது பரிட்சைக்கு வருமா?" என்பான். தப்பான கேள்வியே இல்லை.

ஹோஷங்காபாத்தில் இந்தக் கேள்விக்கு 'வரும்' என்று பதில் இருந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் அந்த மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் என்ற இரண்டு அமைப்புகள் ஆரம்பித்தது. பின்னால் ஏகலவ்யா நடத்தியது. தீப்பெட்டி, சைக்கிள் வால்வு டியூப் வைத்துச் செய்யும் பரிசோதனைகளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள் (அரவிந்த் குப்தா அங்கிருந்து கிளம்பியவர்தானே). பொம்மைகள் பிரபலமானதில் மற்றது மறைந்துபோனது. 'பால் வைக்ஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகத்தில் பரிசோதனை இருக்கும், கேள்வி இருக்கும், விடை இருக்காது. நால்வர் நால்வராகச் செய்து தாங்களே எழுத வேண்டும். ஆசிரியர்கள் மாதாமாதம் கூடி வகுப்பில் எது ஓடியது, எது ஓடவில்லை என்று பேசினார்கள். அதை வைத்துப் புத்தகமே திருத்தப்பட்டது. 8ஆம் வகுப்புத் தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதலாம், தனியாகச் செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகளின் கடிதங்களுக்குப் பதில் போட 'சவாலிராம்' என்ற கற்பனை ஆசாமியை வேறு வைத்திருந்தார்கள்.

முப்பது ஆண்டு, ஆயிரம் பள்ளி அளவுக்கு வளர்ந்த பிறகு 2002இல் மாநில அரசு நிறுத்தியது. வழக்கமான பாடநூல் திரும்பி வந்தது. பரிசோதனைகளை அதன் பிறகும் யாரும் தடுக்கவில்லை, எந்தப் பள்ளியும் செய்துகொள்ளலாம். போனது தேர்வும், மாதக் கூட்டமும்.

வானவில் மன்றத்தை விமர்சிப்பவர்கள் பைக்குள் இன்னும் என்ன வேண்டும் என்று பட்டியல் போடுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: 8ஆம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் பத்து மதிப்பெண். மாணவர் தன் ஊரில் தானே அளந்த ஒன்றை, அட்டவணையோடு, நோட்டைப் பார்த்தே எழுதட்டும். குண்டடத்துப் பிள்ளை நுரையை எழுதும், ராமேஸ்வரத்துப் பிள்ளை அலை ஏற்றத்தை எழுதும். திருத்துவது கஷ்டம் என்பார்கள். கஷ்டம்தான். ஹோஷங்காபாத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான் திருத்தினார்கள்.